வரைவியல் அட்டையைக் கணினி அறியாவிடின்

கணினியை முழுமையாகக் கடையில் வாங்காது, அதன் உறுப்புக்களைத் தனித்தனியே தேடிப்பெற்று வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் மாணாக்கரை இன்று கல்முனைப் பகுதியிற் காணலாம். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களில் உயர்தர வகுப்பிற் கற்போரும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயில்வோரும் அவருள் அடங்குவர். அவ்வுறுப்புக்களுள் விலையால் முதன்மை பெறுவது பெரும்பாலும் வரைவியல் அட்டையே. கடைத்தெருவில் இதனை ‘வீ.ஜீ.ஏ. காட்’ என்றே வழங்குவர். தந்தையின் சேமிப்போ, தாய் அடகுவைத்த காப்போ அவ்வட்டையாக உருமாறி வீட்டுக்கு வந்திருக்கும். அதனைப் பொருத்தி ஆளியை அழுத்தியபின்னும் திரை இருண்டே கிடந்தால், அல்லது திரை ஒளிர்ந்தும் கணினியின் பட்டியலில் அட்டையின் பெயர் இல்லாதிருந்தால், அவ்வீட்டில் உண்டாகும் கலக்கம் சிறிதன்று.

இந்நிலையில் “அட்டை பழுது” என்று உடனே தீர்ப்புக் கூறுவோர் பலர். அத்தீர்ப்பை நம்பி நல்ல அட்டையை மலிவாக விற்றுவிடுதலும், மீண்டும் கடன்பட்டு வேறொன்று வாங்குதலும், புதிய அட்டையும் அவ்வாறே இருளக் கண்டு திகைத்தலும் நிகழ்கின்றன. ஓர் அட்டை அறியப்படுதல் என்பது ஒரே செயலன்று. அது ஐந்து படிகளையுடைய தொடர். எப்படியில் அத்தொடர் அறுந்தது என்று கண்ட பின்னரே பழுது எதனிடத்தது என்று கூறுதல் தகும். அவ்வாறு காணும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

ஐந்து படிகள்

முதலாவது, அட்டை வேண்டிய மின்வலுவைப் பெறுதல். இரண்டாவது, அதன் தொடுமுனைகள் தாய்ப்பலகையின் செருகுவாயில் முறையாகப் பொருந்தி இருபுறமும் சைகைகள் சென்று மீளுதல். மூன்றாவது, தாய்ப்பலகையின் நிலைபொருள் அட்டையை வினவி விடைபெறுதல். நான்காவது, விண்டோஸ், லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமை அதனைத் தன் பட்டியலிற் சேர்த்தல். ஐந்தாவது, அவ்வட்டைக்குரிய செலுத்தி மென்பொருள் அதனை இயக்குதல். மேற்படி ஒன்று நிறைவேறாதபோது அதற்குக் கீழுள்ள படியையே முதலில் ஐயுறல் வேண்டும். அடிப்படி தவறியிருக்கச் செலுத்தியைப் பத்துமுறை நிறுவினும் பயனில்லை.

ஆராயத் தொடங்குமுன் ஒன்றை நோக்குக. திரையின் வடம் அட்டையிலுள்ள துவாரத்திற் செருகப்பட்டுள்ளதா, தாய்ப்பலகையிலுள்ள துவாரத்திலா? பின்னதாயின் அட்டை நன்றாக இயங்கினும் அதன் படம் திரைக்கு வாராது. மேலும், செயலியினுள்ளேயே வரைவியற் பகுதி உண்டா என்பதையும் அறிந்துகொள்க. இன்டெல் செயலியின் பெயர் இறுதியில் ‘எப்’ என்னும் எழுத்து இருப்பின் அப்பகுதி இல்லை. ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7000 வரிசைக்கு முற்பட்ட மேசைக் கணினி ரைசன் செயலிகளுள், ‘ஜி’ என்னும் எழுத்துடையவை ஒழிந்த ஏனையவற்றுக்கும் அஃது இல்லை. அப்பகுதி உள்ளதாயின் அட்டையைக் கழற்றிவிட்டுக் கணினியைத் தனியே இயக்கிப் பார்த்தல் எளிது. இல்லையேல் சோதனைக்கு வேறோர் அட்டை வேண்டும்.

முதற்படி: மின்வலு

செருகுவாய் வழியாக அட்டை பெறத்தக்க வலு 75 வாற்று. அதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனி வடம் தேவை. ஆறு முனை வடம் 75 வாற்றும், எட்டு முனை வடம் 150 வாற்றும் வழங்கும் நியமமுடையன. இவ்வடத்தைச் செருக மறத்தலே பலரை அலைக்கழிக்கும் காரணமாகும். காற்றாடி சுழல்வதைக் கண்டு வலு போதுமென்று கொள்ளலாகாது. காற்றாடி சுழலச் சிறிதளவு மின் போதும்.

செயலிக்குரிய எட்டு முனை வடமும் அட்டைக்குரிய எட்டு முனை வடமும் பார்வைக்கு ஒத்திருப்பினும் வேறானவை. ஒன்றின் இடத்தில் மற்றதை வலிந்து அழுத்துதல் தீங்கு பயக்கும். கழற்றிப் பொருத்தத்தக்க வடங்களையுடைய மின்வழங்கியாயின், ஒரு நிறுவனத்தின் வடத்தை வேறொரு நிறுவனத்தின் மின்வழங்கியிற் பயன்படுத்தற்க. அட்டைப் பக்கத்து முனைகள் ஒத்திருப்பினும் மின்வழங்கிப் பக்கத்து ஒழுங்கு மாறியிருக்கும். ஒருமுறை ஆளியிட்டாலே உறுப்புக்கள் எரிந்துபோதல் கூடும். 2022ஆம் ஆண்டு முதல் வழக்கிற்கு வந்த பதினாறு முனைச் செருகியை முற்றாக உட்செலுத்துதல் இன்றியமையாதது. அரைகுறையாகச் செருகப்பட்டவை உருகிய நிகழ்ச்சிகள் அவ்வாண்டிலேயே வெளிப்பட்டன.

இரண்டாம் படி: செருகுவாயும் கடற்காற்றும்

பெட்டியைத் திறக்குமுன் சுவரிலுள்ள மின்செருகியைக் கழற்றுக. பின் கணினியின் ஆளியை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்குக. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னையும் நீக்குக. மின்வழங்கியின் உட்புறத்தை ஒருபோதும் திறத்தலாகாது.

முழுநீளச் செருகுவாயில் 164 தொடுமுனைகள் உள. அட்டை வந்தமைந்ததைத் தாய்ப்பலகைக்கு உணர்த்தற்பொருட்டு அவற்றுட் சில ஒதுக்கப்பட்டுள்ளன. அட்டை ஒரு புறம் சிறிது உயர்ந்திருப்பினும் அவை தொடாமற் போகலாம். கவ்வி ஒலியுடன் பூட்டிக்கொள்ளும்வரை நேராக அழுத்துக. பாரமான அட்டை நாளடைவில் தாழ்ந்து தொங்குவதும் உண்டு.

நமது கரையோரத்துக்கு ஈண்டுச் சிறப்பான ஒரு கவலை உளது. கடலுக்கு அணித்தான ஊர்களிற் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வது. தூசியுடன் சேர்ந்து தொடுமுனைகளிற் படியும்போது மின்தொடர்பைக் கெடுக்கும். தொடுமுனைகளுக்குப் பொன்முலாம் பூசப்பட்டிருப்பினும் அம்முலாம் மிக மெல்லியது. தேய்ந்தவிடத்து அடியிலுள்ள உலோகம் அரிக்கப்படும். ஆதலின், சன்னலோரம் வைத்த கணினி ஒருநாள் இயங்கி மறுநாள் அட்டையை அறியாதொழியின் இப்படியையே முதலில் ஐயுறுக. ஐசோபுரோப்பைல் அற்ககோலை நாரற்ற துணியிற் சிறிது தொட்டு அட்டையின் விளிம்பைத் துடைத்து நன்கு உலரவிடுக. அழிறப்பராலோ உப்புத்தாளாலோ தேய்த்தற்க, முலாம் போய்விடும். செருகுவாயினுள் எதனையும் விட்டுக் குடைதலும் ஆகாது.

மூன்றாம் படி: நிலைபொருள்

ஆளியிட்டதும் தாய்ப்பலகையின் நிலைபொருள் ஒவ்வொரு செருகுவாயையும் நோக்கி, “நீ யார்?” என வினவுகின்றது. அட்டை தன்னை ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும் தன் வகையின் எண்ணையும் விடையாகத் தரும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் எண் 1002. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. விடைதருவார் இல்லாவிடத்து வாசிக்கப்படும் இலக்கங்கள் யாவும் ஒன்றாகவே இருக்கும். அதனைக் கொண்டே நிலைபொருள் ‘இங்கு எதுவுமில்லை’ என்று முடிவு செய்யும். இக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் ‘வீ.ஜீ.ஏ.’ எனக் குறிக்கப்பட்ட சிறுவிளக்கு ஒன்றுண்டு. அஃது அணையாது எரியின் தடை இப்படியிலோ இதற்குக் கீழோ என்பது தெளிவு.

பழைய அட்டையைப் புதிய தாய்ப்பலகையிற் பொருத்துவோர் வேறொன்றையும் அறிதல் வேண்டும். 2012ஆம் ஆண்டளவுக்கு முற்பட்ட அட்டைகள் பல, யூ.ஈ.எப்.ஐ. என்னும் புதிய நிலைபொருள் முறையை அறியாதவை. 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 அம்முறையை வேண்டிநிற்பதால், பழைய முறைக்கு இடங்கொடுக்கும் சி.எஸ்.எம். என்னும் ஏற்பாடு புதிய பலகைகளில் நிறுத்தப்பட்டிருத்தல் வழக்கம். அவ்வட்டை பழுதன்று, இரண்டுக்கும் மொழி வேறு. அவ்வேற்பாட்டை இயக்கத் தாய்ப்பலகை இடந்தருமாயின் அட்டை பேசத் தொடங்கும்.

நீட்டிப்பு வடத்தின் வழியாக அட்டையைப் பொருத்தியிருப்பின் அதனை நீக்கி நேராகப் பொருத்திப் பார்க்க. மூன்றாந் தலைமுறைக்குச் செய்த வடம் நான்காந் தலைமுறை வேகத்தைத் தாங்காது. செருகுவாயின் வேகத்தை மூன்றாந் தலைமுறைக்குக் குறைத்தால் அக்குறை தீரும். மிகப் புதிய அட்டையாயின் தாய்ப்பலகையின் நிலைபொருளைப் புதுப்பித்தலும் உதவும். ஆயின் அவ்வேளை மின் தடைப்பட்டாற் பலகையே செயலிழக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்க.

நான்காம், ஐந்தாம் படிகள்

திரை ஒளிர்ந்து விண்டோஸும் திறந்தபின், சாதன மேலாளர் என்னும் பட்டியலை நோக்குக. ‘மைக்ரோசொப்ற் பேசிக் டிஸ்பிளே அடாப்ரர்’ என்னும் பெயர் மட்டும் காணப்படின், பணிசெயல் முறைமை பொதுவானதொரு செலுத்தியைக் கொண்டு காலந்தள்ளுகின்றது என்பது பொருள். குறியீடு 28 உரிய செலுத்தி நிறுவப்படவில்லை என்பதையும், குறியீடு 12 அட்டைக்கு ஒதுக்க வேண்டிய வளங்கள் போதவில்லை என்பதையும் உணர்த்தும். குறியீடு 43 என்பது சாதனம் தானே கோளாறு அறிவித்தமையால் விண்டோஸ் அதனை நிறுத்திவிட்டது என்பதாகும். இதற்குச் செலுத்தியும் காரணமாகலாம், அட்டையும் காரணமாகலாம். பழைய செலுத்தியை முற்றாக நீக்கி, ஆக்கிய நிறுவனத்தின் செலுத்தியைப் புதிதாக நிறுவிப் பார்த்த பின்னரே அட்டையைக் குறைகூறுக.

யூ.எஸ்.பி. நினைவகத்திலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்த்தல் செலவற்ற நல்ல சோதனை. ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் கட்டளைக்கு விடையாக அட்டையின் பெயர் வருமாயின், முதல் மூன்று படிகளும் நிறைவேறின எனக் கொண்டு விண்டோஸிலேயே குறையைத் தேடலாம்.

நல்ல அட்டையையும் புதிய செலுத்தி அறியாதொழியும் வகையொன்றுண்டு. என்விடியா நிறுவனத்தின் ஜி.ரி.எக்ஸ். 10 வரிசை அட்டைகளுக்கு 580ஆம் கிளைச் செலுத்தியே இறுதியானது. அதற்குப் பிற்பட்டதை நிறுவ முயன்றால் ஏற்ற அட்டை இல்லை என்றே விடை வரும். அதனை அட்டையின் மரணச் செய்தியாகக் கொள்ளற்க.

போலி அட்டைகள்

பழைய அட்டை வாங்குவோர் போலியையும் அஞ்சல் வேண்டும். 2010இல் வெளிவந்த ஜி.ரி.எஸ். 450 போன்ற பழஞ்சில்லுகளின் நிலைபொருளை மாற்றி, 2016இல் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. எனப் பெயரிட்டு விற்கும் மோசடி உலகச் சந்தையில் உளது. பெயரை நம்பி அதற்குரிய செலுத்தியை நிறுவினால் அட்டை இயங்காது. முன்னதில் 192 கணிப்புக் கருக்களும் பின்னதில் 768 கருக்களும் உள்ளன. ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளைக் கண்டு பெயரின் முன்னே ‘போலி’ என ஆங்கிலத்திற் குறித்துக் காட்டுகின்றது. பணம் கொடுக்குமுன் அதனை ஒருமுறை இயக்கிக் காட்டும்படி விற்பவரைக் கேட்டல் தவறன்று.

தீர்ப்புக்கு முன்

இவ்வளவும் நோக்கியபின் எஞ்சுவது மாற்றுச் சோதனை. ஐயத்துக்குரிய அட்டையை நன்றாக இயங்கும் வேறொரு கணினியிற் பொருத்துக. நன்றாக இயங்கும் வேறோர் அட்டையை ஐயத்துக்குரிய கணினியிற் பொருத்துக. இரு விடைகளும் ஒத்துரைப்பின் தீர்ப்பு உறுதி. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதலும், மாற்றியதையும் விளைந்ததையும் ஏட்டிற் குறித்தலும் மறவாத விதிகளாகுக. மூன்றை ஒருங்கே மாற்றிக் குணங்கண்டவன் எது மருந்து என்று அறியான். உத்தரவாதக் காலம் முடியாத அட்டையாயின் அதன் திருகாணிகளைக் கழற்றாது, அவ்வேட்டுடன் விற்றவரிடம் கொண்டு செல்க. முறையாகக் குறித்த சோதனைகளுக்கு முன் வீண்வாதம் நீளாது.

ஆயின் மாற்றுச் சோதனைக்கு வேண்டிய இரண்டாவது கணினி ஏழை மாணாக்கன் வீட்டில் எங்ஙனம் கிடைக்கும்? இக்குறையைத் தீர்க்கப் பெருநிதி வேண்டியதில்லை. நன்கு இயங்கும் ஒரு மின்வழங்கி, ஒரு பழைய வரைவியல் அட்டை, ஒரு தாய்ப்பலகை, லினக்ஸ் பதித்த ஒரு யூ.எஸ்.பி. நினைவகம் ஆகியவற்றை ஒரு பெட்டியிலிட்டுக் கல்லூரிகள் தோறும் ஆய்வுகூடத்தில் வைத்தல் போதும். இவற்றுட் பல பழைய மாணவர் பலரின் வீட்டு அலுமாரிகளிற் பயனின்றிக் கிடப்பனவே. கல்முனைக் கரையிற் கோயிலடி மாணவனும் பள்ளிவாசலடி மாணவனும் தத்தம் அட்டையை எடுத்துவந்து அப்பெட்டியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு படியாகச் சோதித்து உண்மை காண்பாராயின், அவர் காப்பாற்றுவது பெற்றோரின் பணத்தை மட்டுமன்று. காரணத்தை அறியுமுன் தீர்ப்புக் கூறாத அறிவொழுக்கத்தையும் அவர் பெற்றவராவர். யூபிலி ஆண்டில் எமது கல்லூரியும் இத்தகைய பெட்டி ஒன்றை அமைக்குமாக.