சினைப்பை நீர்க்கட்டி நோயும் உடல் எடையும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, கிணறு, தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றால் பயன்பெற வேண்டிய மக்களின் உடல்நலமும் முன்னேற்றத்தின் ஓர் அங்கம் என்பதை நாம் மறத்தலாகாது. அதிலும், வெளியே சொல்லக் கூசி வீட்டுக்குள்ளேயே மறைக்கப்படும் பெண்களின் நோய்களைப் பற்றி ஊரார் தெளிவு பெறுதல் அவசியம். அத்தகையவற்றுள் ஒன்று சினைப்பை நீர்க்கட்டி நோய். மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாகப் பி.சி.ஓ.எஸ். என்பர். மகப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. ஆயினும், அவர்களுள் பலர் தமக்கு இந்நோய் இருப்பதையே அறியார்.

நோயின் தன்மை

1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டெயின், லெவன்தால் இருவரும் இந்நோயை விவரித்து எழுதினர். பெயரில் 'கட்டி' என்ற சொல் இருப்பதால் பலர் அஞ்சுகின்றனர். இவை அறுத்து நீக்க வேண்டிய கட்டிகள் அல்ல; முட்டை முதிராமல் நின்றுவிட்ட சிறு நீர்ப்பைகளே. மாதவிலக்கு 35 நாட்களுக்கு மேல் தள்ளிப் போதல், முகத்தில் ஆண்களுக்குப் போல் முடி வளர்தல், பரு மிகுதல், கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருதல் இயல்பே. அது கண்டு உடனே நோயென்று முடிவு கட்டலாகாது.

உடல் எடைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை விவசாயிகள் எளிதில் உணரலாம். ஒரு வயலின் மடை சரிவரத் திறக்கவில்லை. அதற்கு நீர் பாய வேண்டுமென்று வாய்க்காலில் மேலும் மேலும் நீர் விடுகிறோம். அப்போது, மடை நன்றாகத் திறந்துள்ள பக்கத்து வயல் மூழ்கிவிடும். உடலிலும் இவ்வாறே நிகழ்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலினுக்குத் தசைகள் சரிவர இணங்காதபோது, கணையம் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, அங்கே ஆண்தன்மைச் சுரப்பு பெருகி, முட்டை முதிர்வது தடைப்படுகிறது. வயிற்றில் கொழுப்புச் சேரச் சேர, இந்நிலை மேலும் கடுமையாகும். மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆதலின், 'தின்று பருத்ததால் வந்த நோய்' என்று பெண்ணைப் பழித்தல் அறியாமையாகும்.

எவ்வளவு குறைத்தல் வேண்டும்?

பெருமளவு எடை குறைந்தால்தான் பயனுண்டு என்பதில்லை. எடை மிகுந்தோர் தம் எடையில் நூற்றில் ஐந்து பங்கைக் குறைத்தாலே நலம் காணத் தொடங்கலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 3½ கிலோ. மாதம் ஒரு கிலோ வீதம் குறைத்தால் நான்கு மாதங்களில் இதனை எட்டலாம். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேற்படாதிருத்தல் நன்று. அதனை அளக்க ஒரு தையல் நாடா போதும்.

உணவு முறை

இந்நோய்க்கென்று தனிச் சிறப்பான உணவு ஒன்றில்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டியும், ஓர் உணவு முறை மற்றொன்றைவிடச் சிறந்ததென்று கூற ஆதாரமில்லை என்றே தெரிவிக்கிறது. விலையுயர்ந்த மாவுகளும் பொடிகளும் தேவையில்லை. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது களி, கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்றவை என வகுத்துக் கொள்ளலாம். முருங்கைக் கீரை, அவரை, புடல், பீர்க்கு ஆகியவை கொல்லையில் விளைபவை. கொள்ளும் தட்டைப்பயறும் நம் மானாவாரி நிலத்தில் விளைபவை. கேழ்வரகும் கம்பும் நல்லவையே. எனினும், அவற்றையும் அளவோடு உண்ணுதல் வேண்டும்.

சர்க்கரையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குவளைத் தேநீரில் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை, ஏறத்தாழ 10 கிராம். நாளொன்றுக்கு நான்கு குவளை பருகினால் 40 கிராம். அதாவது 160 கலோரி. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இவ்வகையில் வேறல்ல. பட்டினி கிடத்தலும் வழியன்று. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் மட்டும் பெண்கள் உண்ணும் வழக்கம் மாறுதல் வேண்டும். காயும் பருப்பும் அவர்களுக்கும் உரிய பங்கு கிடைத்தாலன்றி மேற்கூறிய முறை கைகூடாது.

உடற்பயிற்சி

வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்து நடத்தல் வேண்டும். நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள். எடை குறைக்க விரும்புவோர் 250 நிமிடம் வரை கூட்டுதல் நலம். நடக்கையில் பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது; அதுவே ஏற்ற வேகம். வாரத்தில் இரு நாட்கள் உட்கார்ந்தெழுதல் போன்ற தசைப் பயிற்சிகளும் தேவை. நடவும் களையெடுப்பும் நல்ல உழைப்பே. ஆனால் அவை ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. வேலையற்ற மாதங்களில் நடையே துணை. எடை குறையாவிடினும் நடை வீண்போவதில்லை. தசைகள் இன்சுலினுக்கு இணங்க அது உதவுகிறது.

மருத்துவரின் துணை

உணவும் நடையும் மருத்துவத்திற்கு மாற்றாகா. மூன்று மாதம் மாதவிலக்கு வராதிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும். நெடுநாள் கவனியாது விட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துத் தீங்கு நேரலாம். நீரிழிவு நோயும் இவர்களுக்கு எளிதில் வரக்கூடுமாதலின், இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் அவசியம். 'மணம் முடித்தால் சரியாகிவிடும்' என்று எண்ணிப் படிக்கும் பெண்ணுக்கு அவசரத் திருமணம் செய்தல் பெருந்தவறு. திருமணம் இந்நோய்க்கு மருந்தன்று. தக்க சிகிச்சையால் இவர்களுள் பெரும்பாலோர் தாய்மை அடைய இயலும்; ஆகவே, மலடி என்று பழித்து மனத்தைப் புண்படுத்தலாகாது.

ஊரார் கடமை

'நடந்து வா' என்று மருத்துவர் சொல்லலாம். நடக்க இடம் வேண்டுமே! இருண்ட தெருவில், பிறர் கேலிக்கு அஞ்சி, எந்தப் பெண் நடப்பாள்? ஏரிக்கரைப் பாதையின் முட்செடியை அகற்றுதல், பழுதான தெருவிளக்கைச் சீராக்குதல், பள்ளி விளையாட்டுத் திடலை மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென ஒதுக்க ஏற்பாடு செய்தல் ஆகியவை ஊராட்சியின் முயற்சியால் ஆகக்கூடியவை. சுய உதவிக் குழுவினர் கூடி நடந்தால் கூச்சம் அகலும். அடுத்த கிராம சபையில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து இந்நோய் பற்றிப் பேசச் செய்யலாம். வீட்டு ஆடவர் அந்த அரைமணி நேரம் அடுப்பையும் குழந்தையையும் கவனித்துக் கொள்ளுதல் வேண்டும். பாதையும் விளக்கும் ஊரார் தரட்டும். நேரத்தை வீட்டார் தரட்டும். முயற்சியைப் பெண்கள் மேற்கொள்வர்.