அடுக்களைக் கழிவும் எருப்புழுவும்

அடுக்களைக் கழிவு வீணாவதென்பது நம் கிராமங்களில் முன்னாளில் அபூர்வம். கழுநீரும் காய்த்தோலும் மாட்டுக்கு ஆகும். மிகுந்தது கொல்லையிலுள்ள குப்பைக் குழிக்குப் போகும். இப்போதோ மாடில்லாத வீடுகள் பெருகிவிட்டன, கொல்லையும் சுருங்கிவிட்டது. ஆகவே அக்கழிவு பையிற் கட்டித் தெருக்கோடியில் எறியப்பட்டு, ஈக்கும் நாய்க்கும் உரியதாகிறது. அதை மண்புழுக்களுக்குத் தீனியாக்கி எருவாக்கும் முறையைப் பற்றிச் சங்க அங்கத்தினர் பலரும் வினவுவதால், அதனை இங்கே விவரிக்கிறோம்.

முதலில் அறியவேண்டுவது, எல்லா மண்புழுவும் இவ்வேலைக்கு உதவா என்பது. மழை பெய்தவுடன் வயலிலிருந்து தோண்டி எடுத்துப் பானையில் விட்டுப் பார்த்து, நான்கு நாளில் ஒன்றுமில்லாமற் போயிற்றே என்று கவலைப்படுவோர் உண்டு. வயற்புழுக்களிற் பல ஆழத்தில் வளை தோண்டி, மண்ணோடு மக்கையும் உண்டு வாழ்பவை. நமக்கு வேண்டியவை மேற்பரப்பில் அழுகும் குப்பையிலேயே பிறந்து வளரும் ஜாதியைச் சேர்ந்தவை. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்பது நம் நாட்டிலேயே உள்ளது. பழைய எருக்குவியலின் ஈரமான அடிப்பாகத்தில் காணலாம். ஐசீனியா பெட்டிடா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜீனியே என்னும் இரண்டும் எருவுக்காகப் பரவலாக வளர்க்கப்படுபவை.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. கோழிக்கு இருப்பதுபோல் அதன் உடலிலும் ஓர் அரைவைப்பை உண்டு; விழுங்கிய மணல் துகள்களைக் கொண்டு அங்கே தீனியை அரைத்துக்கொள்கிறது. எனவே பச்சைக் காய்த்தோலை அது கடித்துத் தின்ன இயலாது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் முதலில் தோலை மெத்தென்று ஆக்கவேண்டும். அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே புழு உண்கிறது. சார்லஸ் டார்வின் 1881-ஆம் வருஷம் மண்புழுக்களைப் பற்றியே ஒரு தனிப் புஸ்தகம் வெளியிட்டார் என்றால், இச்சிறு ஜீவன் எவ்வளவு ஆராய்ச்சிக்கு உரியது என்பது விளங்கும்.

இனிப் பானைக்கு வருவோம். வாயகன்ற பழைய மண்தொட்டி போதும். அடியில் இரண்டு மூன்று துளைகள் இருக்கவேண்டும். அடியில் உடைந்த செங்கல்லும், அதன்மேல் ஒரு பிடி மணலும், அதன்மேல் நனைத்துப் பிழிந்த தென்னைநார் அல்லது வைக்கோலும் பரப்பி, பாதி மக்கிய சாணத்தை நாலு விரற்கடை உயரம் இடுக. இங்கேதான் பெரும்பாலோர் புழுக்களைப் பறிகொடுக்கின்றனர். புதுச்சாணம் மக்கும்போது சூடேறும். அமோனியா என்னும் ஆவியும் எழும். இரண்டும் புழுவுக்கு விஷம். சாணத்தைப் பதினைந்து இருபது நாள் நிழலில் கிளறி ஆறவைத்து, கையை உள்ளே நுழைத்தால் குளிர்ச்சி தெரியும்போதுதான் புழுக்களை விடவேண்டும். அப்போதும் முதல்நாள் பத்துப் புழுக்களை மாத்திரம் விட்டுப் பார்த்து, மறுநாள் அவை உள்ளே தங்கியிருந்தால் மற்றவற்றை விடுவது விவேகம்.

புழுக்களுக்குத் தீனியிடுவதும் சங்கம் கடன் கொடுப்பதும் ஒன்றே. சக்திக்கு மேல் கொடுத்தால் பாக்கி நிற்கும். நன்கு பழகிய ஒரு கிலோ புழு நாளொன்றுக்கு அரைக் கிலோ வரை தின்னும் என்பது கணக்கு. புதுப் பானையில் அதில் பாதியே இடுக. தோலைப் பொடியாக நறுக்கி, ஓர் ஓரத்தில் புதைத்து, மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மூடவேண்டும். முன் இட்டது உருத்தெரியாமற் போன பின்பே அடுத்த தீனி. கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், பூசணி, சுரைத் தோல், காப்பித்தூள், தேயிலைச் சக்கை ஆகியவை உகந்தவை. பொடித்த முட்டையோடு புளிப்பை முறிக்கும், அரைவைக்கும் உதவும்.

சமைத்த பண்டத்தை இடலாகாது. நம் குழம்பில் உப்பும் புளியும் மிளகாயும் எண்ணெயும் கலந்திருக்கின்றன. புழு தோலினாலேயே சுவாசிக்கிறது. உப்பு அத்தோலிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும், எண்ணெய் அதனை மூடிவிடும். ஊறுகாய், எலுமிச்சைத் தோல், மீன், இறைச்சி, தயிர் யாவும் விலக்கத்தக்கவை.

ஈரத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி ஜலம் வரவேண்டும். வழிந்தோடினால் அதிகம்; எறும்பு வந்துவிட்டால் பெரும்பாலும் குறைவு. துர்நாற்றம் வீசினால் தீனி மிஞ்சிற்று என்று அறிந்து, ஒரு வாரம் நிறுத்திக் காய்ந்த சருகைக் கலந்து கிளறுக. தொட்டியை நிழலில், ஜலம் ஊற்றிய தட்டில் கற்களை வைத்து அவற்றின்மேல் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கோழிக்கும் எலிக்கும் வலைமூடியே மருந்து.

இரண்டு மாதத்தில் மேற்பகுதி தேயிலைத்தூள் போல் கறுத்து, மண்வாசனை வீசும். மூன்று நான்கு நாள் ஜலம் தெளியாமல் விட்டு, வெளிச்சத்தில் ஒரு சாக்கின்மேல் கூம்பாகக் கொட்டினால், புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி அடிக்குப் போய்விடும். மேலிருந்து எருவை வழித்தெடுக்கலாம். கடுகினும் சற்றே பெரிய, எலுமிச்சை வடிவமான முட்டைக்கூடுகள் தென்பட்டால் அவற்றைத் தொட்டிக்கே திருப்பிவிடுக.

வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தினம் அரைக் கிலோ கழிவு சேரும் வீட்டில் வருஷத்துக்குச் சுமார் நூற்றெண்பது கிலோ சேரும். அதில் மூன்றிலொரு பங்கு எருவாயினும் அறுபது கிலோதான். நெல் பயிரிடும் ஏக்கருக்கோ ஐந்து டன் தொழுவுரம் வேண்டும். ஆகவே இதனால் நிலம் செழிக்கும் என்று நம்பி, விலையுயர்ந்த புழுவும் தொட்டியும் வாங்கக் கடன் விண்ணப்பம் எழுதுவோருக்கு நாம் சிபாரிசு செய்யமாட்டோம். வீட்டுக் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் அவரைப்பந்தலுக்கும் இது தாராளம். சங்கக் கட்டிடத்து நிழலில் ஒரு தொட்டி வளர்த்து, கேட்கும் வீட்டுக்கு ஒரு பிடி புழுவை இலவசமாகக் கொடுத்தால் எவரும் வெளியே விலைக்கு வாங்கவேண்டுவதில்லை.

பெரும்பாலும் தினம் தோலை நறுக்கிப் புதைக்கப்போகிறவர்கள் வீட்டுப் பெண்களே. ஆகையால் இதனைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுமுன் அவர்களைக் கலந்துகொள்வது நலம். எருவைச் செடியின் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு கைப்பிடி இட்டு, மண்ணால் மூடி, உடனே ஜலம் விடவேண்டும். வெயிலில் காயவிட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும்.