காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

கேள்வி: சென்ற மாதம் டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்தேன். தட்டணுக்கள் 60 ஆயிரத்துக்கு இறங்கி, தானாகவே ஏறிவிட்டன. இப்போது 32ஆவது வாரம். குறைமாதத்தில் பிரசவமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் தங்கையும் ஆறு மாதக் கர்ப்பிணி. எங்கள் தெருவில் காய்ச்சல் இன்னும் ஓயவில்லை. அவள் எதைக் கவனிக்க வேண்டும்?

- வாசகி, தென்காசி

பதில்: டெங்கு வந்த கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் நிறைமாதத்தில்தான் பெற்றெடுக்கிறார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவமாகும் ஆபத்து, முக்கியமாக நோய் கடுமையாக இருக்கும் நாட்களில்தான் கூடுகிறது. வைரஸ் குழந்தையை எட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதை எதிர்த்துத் தாயின் உடல் சுரக்கும் அழற்சிப் பொருட்களே கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடும். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டீர்கள். அடுத்த பரிசோதனையின்போது, குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க ஸ்கேன் தேவையா என்று மட்டும் கேளுங்கள். வயிறு அடிக்கடி கல்லாக இறுகித் தளர்ந்தாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ, அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே டாக்டரிடம் போகட்டும். நம் ஊரில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் அதிகம் பயப்படுவது காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்களுக்குத்தான். ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டார் மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படும். பிசிவி பரிசோதனை அதைக் காட்டும். ஆனால் கர்ப்ப காலத்தில் ரத்தம் இயல்பாகவே சற்று நீர்த்திருப்பதால், ஏறிய அளவும் சாதாரணமாகத் தோன்றலாம். முந்தைய மாத ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும். அதைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல் இருந்தால் வீட்டில் இருக்கக் கூடாது.

பப்பாளி இலைச் சாறு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டுவார்கள். கர்ப்பிணிக்கு அது வேண்டாம்.

பிரசவத்தை ஒட்டி டெங்கு வந்தால் குழந்தைக்கும் தொற்றலாம். அப்போது பிறந்த குழந்தையை முதல் இரண்டு வாரம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோ ஊசியோ கூடாது. ரத்த அழுத்தம் வராமலிருக்க ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிட்டுவந்தால், காய்ச்சல் தொடங்கிய அன்றே அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.