சபைக்கு எட்டுகிற சுருதி

ஆராதனைக் குழு தொடங்கப் போகிறோம், எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்று கேட்டு வருகிற தம்பிமாரிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: துக்க வீட்டுக்குப் பாடப் போவீர்களா? ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஒருவர் இறந்துவிட்டால் அடக்கம் ஆகும்வரை வீட்டு முற்றத்தில் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மைக் கிடையாது, வாத்தியம் கிடையாது. யாராவது ஒரு பாட்டி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சபைக்கு எந்தப் பாட்டு மனப்பாடம், வரியில் எங்கே மூச்சு விடுகிறார்கள், எவ்வளவு உயரம்வரை குரல் போகிறது என்பதெல்லாம் அந்த முற்றத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். எங்கள் குழு பாட்டு நடத்தக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அங்கேதான்.

குழு தொடங்கியதே தற்செயல். எங்கள் கோயிலில் வெகுகாலம் ஆர்கன் வாசித்த ஐயாவுக்கு வயதாகிக் கை நடுங்க ஆரம்பித்தது. ஐயர் எங்களைக் கூப்பிட்டு, "வர்ற ஞாயிறு நீங்க பாத்துக்கோங்கப்பா" என்றார். அவ்வளவுதான். தரிசனம், சொப்பனம் எதுவும் எங்களுக்கு வரவில்லை. சாட்சி சொல்லும்போது அழைப்பு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது பல சமயம் இப்படித்தான் வருகிறது. சபைக்கு ஒரு தேவை இருக்கும், கைக்கு எட்டும் தூரத்தில் நாம் நிற்போம். உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது லேவியர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் கெனானியா. அந்த வேலை அவரிடம் போனதற்கு நாளாகமப் புத்தகம் சொல்கிற காரணம் அவருடைய தேர்ச்சிதான். அதனால் ஒத்திகைக்கு வராமல், 'ஆவியானவர் நடத்துவார்' என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

யார் பாடுவது என்பது சபையில் பழைய வழக்கு. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் கோயிலில் பாடக் கூடாது என்று விதி போட்டது. 1524இல் லூத்தரின் பாட்டுகளோடு எட்டே பாட்டுகள் கொண்ட ஒரு சிறு ஜெர்மன் புத்தகம் வந்தது. ஜனங்கள் தங்கள் பாஷையில் தாங்களே பாட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நம் பக்கம் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வழியாக அந்த ஜெர்மன் ராகங்கள் தமிழுக்கு வந்தன. பிறகு தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கீர்த்தனைகள் பாடினார். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கென்று அச்சிட்டார். இன்றைக்கும் எங்கள் கோயிலில் பாமாலை, கீர்த்தனை இரண்டும் உண்டு. போதாதற்கு யூடியூபில் வாரம் ஒரு புதுப் பாட்டு. இத்தனை பேர் பாடுபட்டு ஜனங்களின் வாயில் கொண்டுவந்து வைத்த பாட்டை, ஸ்பீக்கர் வாங்கி வைத்துக்கொண்டு நாமே பிடுங்கிக்கொள்ளலாமா? லவோதிக்கேயா விதியை யாரும் எழுதிப் போடாமலேயே பல சபைகளில் அது நடந்துகொண்டிருக்கிறது. முன்னால் ஆறு பேர் பாடுகிறார்கள், மற்றவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பக்திக் குறைவு இல்லை, சுருதி. ஒலிப்பதிவில் பாடியவருக்கு மேல் ஸ்தாயி சுலபமாக வரும். நம் பையன்களும் அதே 'ஒரிஜினல் ஸ்கேலில்' வாசித்தால்தான் பாட்டு எடுபடும் என்பார்கள். கச்சேரியில் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். கோயிலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாட வேண்டும். நாங்கள் செய்வது இதுதான்: பாட்டின் மிக உயர்ந்த சுரத்தைத் தேடிப் பிடிப்போம். கீபோர்டில் நடு சி-க்கு மேலே வருகிற அடுத்த சி, அதற்குப் பக்கத்து டி. உயர்ந்த சுரம் அந்த டி-யைத் தாண்டக் கூடாது. தாழ்ந்த சுரம் நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-க்கு இறங்காமல் இருந்தால் நல்லது. பெண்கள் அந்த எல்லைக்குள் பாடுவார்கள், ஆண்கள் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்வார்கள். ஒரு கீர்த்தனையின் சரணம் மேல் அந்தர காந்தாரம்வரை ஏறுகிறது என்று வையுங்கள். ஒரு கட்டையில் வாசித்தால் அது ஈ-யில் போய் நிற்கும். பின்வரிசையில் பாதிப்பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். ஆறரைக் கட்டைக்கு இறக்குங்கள், அதே காந்தாரம் டி-க்கு வந்துவிடும், கோயில் நிறைந்துவிடும். விரல் பழகவில்லையா? டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்குங்கள், அதில் வெட்கம் இல்லை. காலை ஆராதனையில் முதல் பாட்டை இன்னும் அரைக் கட்டை இறக்கலாம். தொண்டை அப்போதுதான் விழித்திருக்கும்.

அடுத்தது மூச்சு. பாமாலைப் பாட்டில் வரி முடிகிற இடத்தில் சபை மூச்சு எடுக்கும். கீபோர்டும் அங்கே கையைத் தூக்க வேண்டும். தாளப்பெட்டி இயந்திரம், அது காத்திருக்காது. அதனால் பாமாலைக்கு நாங்கள் அதைப் போடுவதில்லை. கீர்த்தனையில் வேறு சிக்கல்: பாட்டு நடத்துகிறவருக்குச் சங்கதி போட ஆசை வரும். முதல் தடவை பல்லவியை அழகாக வளைத்துப் பாடினால் சபை ரசிக்கும். ரசிக்க ஆரம்பித்தால் பாடுவதை நிறுத்திவிடும். உள்ளூர் ராகத்தையும் மாற்றாதீர்கள். ஒரே கீர்த்தனையை நாகர்கோவிலில் ஒரு மாதிரி, மதுரையில் ஒரு மாதிரி பாடுவார்கள். எது சரி என்று ஒலிநாடாவைக் காட்டி நிரூபிக்கப் போனால் பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் தோற்றுத்தான் திரும்ப வேண்டும்.

புதுப் பாட்டை ஞாயிறு ஆராதனையில் முதன்முதலாக எடுப்பதில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் படித்த பாட்டை அம்மாக்கள் சமையலறையில் முணுமுணுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அப்புறம் அதே பாட்டை நாலு வாரம் தொடர்ந்து பாடலாம். குழுவுக்கு அலுத்துப்போகும் நேரத்தில்தான் சபைக்கு அது வரத் தொடங்குகிறது. திரையில் வரி போடுகிறவர் அடுத்த சரணத்தை ஒரு வரி முன்னதாகவே மாற்ற வேண்டும். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் தமிழ் வரியை ஆங்கில எழுத்தில் போடச் சொல்கிறார்கள். நான் இதுவரை சம்மதிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு.

திருவிருந்து நேரத்துக்குத் தனியாகத் தயாராக வேண்டும். வரிசை எவ்வளவு நேரம் நீளும் என்று யாருக்கும் தெரியாது. முழங்காலிட்டு எழுந்து வருகிறவர் கையில் புத்தகம் இருக்காது. சரணம் அதிகமுள்ள, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வேண்டும், டிரம்ஸ் வேண்டாம்.

எங்களுடைய சோதனை ஒன்று உண்டு. கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு மைக்கை விட்டுத் தள்ளி நிற்போம். சபை தானாகப் பாடி முடித்தால் அந்தப் பாட்டு பட்டியலில் நிற்கும். தடுமாறினால் சுருதியைப் பார்ப்போம், அல்லது அந்தப் பாட்டையே விட்டுவிடுவோம். எங்களுக்கு மிகவும் பிடித்த சில பாட்டுகள் அப்படிப் போயிருக்கின்றன.

குழுவில் சண்டை வரும், குறிப்பாக மைக் யாருக்கு என்பதில். கல்யாண வரவேற்புக்குக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கத் தொடங்கினால் சனிக்கிழமை ஒத்திகைக்கு ஆள் குறையும். தனிப்பாட்டு இல்லாத ஞாயிறும் வந்து நிற்கிறவரை நம்பிக் குழுவை நடத்தலாம்.

சபையாரிடம் ஒரு வேண்டுகோள். 'பாட்டு நல்லா இருந்துச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த வரியில் பாட முடியாமல் நின்றீர்கள் என்று வந்து சொல்லுங்கள். ஆராதனை முடிந்து நாங்கள் வயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது வந்தால் போதும். அடுத்த ஞாயிறே அரைக் கட்டை இறக்கிவிடலாம்.