பாட்டி தந்த போத்தல்

கேள்வி: பக்கத்து வீட்டுப் போலந்துப் பாட்டி, வீட்டில் செய்த செர்ரி மது ஒரு போத்தல் தந்தார். நாங்கள் குடிப்பதில்லை. கள்ளச்சாராயமோ என்ற பயமும் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— வாசகி, மொன்றியல்

பதில்: வேண்டாம், அவர் மனம் நோகும். உங்களிடம் வந்தது அநேகமாக 'நலெஃப்கா'. கடையில் வாங்கிய மதுசாரத்தில் பழத்தையும் சீனியையும் போட்டு, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், ஊறவைத்து வடிப்பது. நம் வீட்டு ஊறுகாய்க்கு இருக்கும் கைப்பக்குவம் அதற்கும் உண்டு. வேண்டியவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

உங்கள் பயம் நியாயமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். பழத்தை ஊறவைப்பதால் அந்த நஞ்சு வராது. ஆனால் போலந்தில் 'பிம்பர்' என்ற காய்ச்சிய சரக்கும் உண்டு. உரிமமின்றிக் காய்ச்சுவது கனடாவில் குற்றம். எனவே, "இதை எப்படிச் செய்தீர்கள் அம்மா?" என்று ஆசையோடு கேளுங்கள். மகிழ்ந்து சொல்வார், உங்களுக்கும் தெரிந்துவிடும்.

குடிப்பதில்லை என்பதை மறைக்காதீர்கள். நலெஃப்கா ஆண்டுக்கணக்கில் கெடாது, விருந்தாளிக்கு வைத்திருங்கள். அடுத்த முறை ஒரு டப்பா பயற்றம் பணியாரத்தோடு அவர் கதவைத் தட்டுங்கள்.