புதிய வருஷமும் நம் வீட்டு அலங்கமும்

(வேதபாடம்: நெகேமியா 3, 4, 6 அதிகாரங்கள்)



டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாம் முழங்கால்படியிட்டுத் தீர்மானம் எடுக்கிறோம். தினமும் அதிகாலை 4 மணிக்கு ஜெபம், வருஷத்துக்குள் வேதம் முழுவதும் வாசிப்பு, கடன் எல்லாம் அடைப்பு! பிப்ரவரியில் நான் வீடு சந்திக்கப் போகும்போது பல வீடுகளில் கேட்கிற பதில் ஒன்றுதான்: "எல்லாம் விட்டுப்போச்சு பாஸ்டர்." தீர்மானம் விட்டுப்போவதோடு காரியம் நிற்பதில்லை. தோற்றுப்போனோமே என்கிற வெட்கத்தில் சிலர் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள். சபைக்கு வருவதும் குறைகிறது. சத்துருவுக்கு வேண்டியது இதுதான். ஆகையால் நெகேமியாவின் புஸ்தகத்தைத் திறப்போம்.

1. உன் வீட்டுக்கு எதிரே இருப்பதைக் கட்டு

எருசலேமின் அலங்கத்தை ஒரே ஆள் கட்டவில்லை. 3-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கையே கட்டினார்கள். ஒருவன் தன் அறைக்கு எதிரே மட்டும் கட்டினான். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு கட்டினான்.

பக்கத்து வீட்டு சகோதரர் எடுத்த தீர்மானம் நமக்கு அளவல்ல. நைட் ஷிப்ட் முடித்து காலை 7 மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு 4 மணி ஜெபம் எப்படிப் பொருந்தும்? அவர் வந்து முகம் கழுவி, படுக்கும் முன் அரைமணி நேரம் ஜெபிக்கட்டும். மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்றே மூன்று எழுதுங்கள்: ஆத்துமாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, சரீரத்துக்கு ஒன்று. பிள்ளைகளும் பேசட்டும். அப்பா மட்டும் எடுத்த தீர்மானத்தை வீடு சுமக்காது.

2. நோக்கம் நிற்கட்டும், முறை மாறட்டும்

சத்துருக்கள் கூடி யுத்தத்துக்கு வரப்போகிறார்கள் என்ற செய்தி கிடைத்தபோது நெகேமியா வேலையை நிறுத்திவிடவில்லை. ஒன்றும் நடக்காததுபோல பழைய முறையிலேயும் போகவில்லை. பாதிப்பேர் வேலை செய்ய, பாதிப்பேர் ஈட்டி பிடித்து நின்றார்கள். வேலைசெய்கிற கைகள் குறைந்தன. ஆனாலும் 52 நாளில் அலங்கம் முடிந்தது!

நமக்கும் அப்படியே. வேதத்தில் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று என்று வாசித்தால் ஜனவரி முடியும்போது லேவியராகமத்துக்கு வருவோம். அங்கே நாலு நாள் காய்ச்சல் வந்தால் 12 அதிகாரம் பாக்கி. "இனி எங்கே முடிக்கிறது" என்று மூடிவைத்துவிடுவோம். தினக்கணக்கை வாரக்கணக்காக்குங்கள். வாரம் 23 அதிகாரம் போதும், 52 வாரத்தில் முடிந்துவிடும். திங்கட்கிழமை தவறினதை சனிக்கிழமை வாசிக்கலாம்.

பணமும் அப்படித்தான். தபாலாபீஸ் ஆர்.டி.யில் ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம் கட்டித் தொடரலாம். தபாலாபீசே இடம் கொடுக்கும்போது நாம் நம் வீட்டாருக்கு இடம் கொடுக்கக்கூடாதா? ஜூனில் பள்ளிக்கூடச் செலவு வரும் என்பது தெரிந்த காரியம். அந்த மாதத்துச் சேமிப்பை இப்பொழுதே குறைத்து எழுதிவையுங்கள். வேலை போய்விட்டதா? "கடனை அடைப்பேன்" என்பதை அழித்து, "புதுக்கடன் வாங்கமாட்டேன்" என்று எழுதுங்கள். அதுவும் ஜெயமே.

3. பொருத்தனை வேறு, திட்டம் வேறு

பொருத்தனை பண்ணினால் செலுத்தவேண்டும் என்று பிரசங்கி 5-ம் அதிகாரம் எச்சரிக்கிறது. பொருத்தனை பண்ணாதிருந்தால் பாவமில்லை என்று உபாகமம் 23-ம் அதிகாரம் சொல்லுகிறது. உணர்ச்சிவசப்பட்டு, திட்டமாக இருக்கவேண்டியதைப் பொருத்தனையாக்கிவிடாதிருங்கள். யாக்கோபு 4-ம் அதிகாரம் கற்பிக்கிறபடி, கர்த்தருக்குச் சித்தமானால் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

பவுல் பித்தினியாவுக்குப் போகத் திட்டம்போட்டார். ஆவியானவர் அனுமதிக்கவில்லை (அப்போஸ்தலர் 16). துரோவாவுக்கு வந்தார், மக்கெதோனியாவுக்குக் கப்பல் ஏறினார், பிலிப்பியில் லீதியாளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆனால் ஒரு எச்சரிப்பு. சோம்பலுக்கு "ஆவியானவர் தடுத்தார்" என்று பேர் வைக்காதிருங்கள். வித்தியாசம் எப்படித் தெரியும்? பவுலுக்கு ஒரு வழி அடைபட்டபோதும் கால் நடந்துகொண்டே இருந்தது. நம் கால் நின்றுவிட்டதா என்று பார்ப்போம்.

மார்ச், ஜூன், செப்டம்பர் கடைசி ஞாயிறு மாலையில் குடும்பமாய் உட்கார்ந்து எழுதின தாளை எடுத்துப் பாருங்கள். நடந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். நடக்காததைக் குறைத்து எழுதுங்கள். யாரையும் குற்றப்படுத்தவேண்டாம், அந்த மாலை ஜெபத்தோடு முடியட்டும்.

இடையில் விட்டுப்போனவர்களே, அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்கவேண்டாம். இன்றைக்கு ஒரு கல் வையுங்கள். கர்த்தர் உங்கள் கைகளைத் திடப்படுத்துவாராக. ஆமென்.