முதியோர் வலியும் நம் கடமையும்

மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர் நாட்பட்ட வலி என்பர். எக்ஸ்ரே படத்தில் குறை தெரியாவிடினும் அது மெய்யாக இருத்தல் கூடும். வலியுடையார் கூற்றை மதித்தல் வேண்டுமெனப் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் குறித்தது. ஆகவே, “வயதானால் அப்படித்தான்” எனப் பாட்டியாரிடம் கூறாதிருப்போமாக; அச்சொல் அவரை வாய்மூடச் செய்யும்.

இரவுண்ணா விரதம் காக்கும் முதியோர் சிலர், இரவு மாத்திரையை உட்கொள்ளாமலே வலியோடு விடியலை எதிர்நோக்குவர். விரதத்தை விடுமாறு வற்புறுத்துதலும், மருந்து வேளையை நாமே மாற்றுதலும் தகா. மருத்துவரிடம் விரதத்தைக் கூறி, பொழுது சாயுமுன் உட்கொள்ள வழியுண்டா எனக் கேட்போம். வழிபாட்டில் தரையில் அமர இயலாதவர்க்கு நாற்காலி இடுவோம்.

பணிவிடையாகிய வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. அதன் முதற்படி, “இன்று வலி எப்படி இருக்கிறது, பாட்டி?” என வினவி, விடையை முழுதும் கேட்டலே.